அழுத்தப்பட்ட வளிமங்களின் பாதுகாப்பு

அழுத்தப்பட்ட வளிமங்களின் பாதுகாப்பு என்பது காற்று, ஆக்சிசன், நைட்ரசன், அசெட்டிலீன் முதலான வளிமங்களை வளிமண்டல அழுத்தத்தை விட மிகுதியான அழுத்தத்தில் அடைத்து வைக்கும் கலன்களையும், அவற்றோடு இணைந்த குழாய்களையும் கருவிகளையும் தீங்கின்றிக் கையாளும் முறைகளைக் குறிக்கும். சாலையோரப் பஞ்சர் கடையில் ஓடும் கம்ப்ரசர், வெல்டிங் பட்டறையில் சங்கிலியிட்டு நிறுத்தப்பட்டிருக்கும் சிலிண்டர்கள், மருத்துவமனையின் ஆக்சிசன் உருளைகள், வண்ணம் தெளிக்கும் கருவிகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

காற்று எங்கும் இருப்பது, மூச்சாக உள்ளிழுக்கப்படுவது. எனவே அது தீங்கற்றது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. கொதிகலனுக்கும் மின்கம்பிக்கும் காட்டப்படும் அச்சத்தில் ஒரு பங்கு கூடக் காற்றுத் தொட்டிக்குக் காட்டப்படுவதில்லை. ஆனால் அழுத்தப்பட்ட எந்த வளிமமும் முறுக்கேற்றப்பட்ட சுருள்வில்லைப் போன்றது. அதனை அடைத்து வைத்திருக்கும் இரும்போ ரப்பரோ எங்கேனும் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால், அதில் சேர்த்து வைக்கப்பட்ட ஆற்றல் முழுவதும் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் வெளிப்படும். வளிமம் எரியக்கூடியதாகவோ நச்சுத்தன்மை உடையதாகவோ இருந்தால் அது கூடுதலான இடர். முதல் இடர் அழுத்தமே ஆகும்.

அலகுகள்

வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1 பார் ஆகும். இது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோகிராம், அல்லது சதுர அங்குலத்திற்கு சுமார் 14.5 பவுண்டு எடைக்கு ஈடானது. பட்டறைகளில் அழுத்தம் பெரும்பாலும் பவுண்டு கணக்கிலேயே சொல்லப்படுகிறது. "நூறு பவுண்டு காற்று" என்பது சுமார் 7 பார் அழுத்தத்தைக் குறிக்கும். அழுத்தமானிகள் வளிமண்டல அழுத்தத்திற்கு மேற்பட்ட அளவையே காட்டுகின்றன. ஆகவே முள் சுழியத்தைக் காட்டும்போதும் கலனுக்குள் 1 பார் அழுத்தத்தில் வளிமம் எஞ்சியிருக்கும்.

அடைபட்ட காற்றும் அடைபட்ட நீரும்

வெப்பநிலை மாறாதிருக்கும்போது ஒரு வளிமத்தின் பருமனளவும் அதன் அழுத்தமும் எதிர்விகிதத்தில் அமையும் என்பதை இராபர்ட் பாயில் 1662 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாயிலின் விதி எனப்படும் இவ்விதியே அழுத்தக் காற்றின் பயனுக்கும் இடருக்கும் அடிப்படை. நீரை அழுத்தினால் அதன் பருமனளவு கிட்டத்தட்ட மாறுவதில்லை. எனவே அழுத்தப்பட்ட நீரில் சேரும் ஆற்றல் மிகச் சிறிது. வளிமமோ பல மடங்கு சுருங்கி, அச்சுருக்கத்தைத் தனக்குள் ஆற்றலாக வைத்துக்கொள்கிறது.

எடுத்துக்காட்டாக, பட்டறைகளில் காணப்படும் 200 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி ஒன்றில் 10 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அக்காற்று வெப்ப இழப்பின்றி விரிந்து வளிமண்டல அழுத்தத்தை அடையும்போது வெளிவிடக்கூடிய ஆற்றல் சுமார் 2,70,000 சூல் ஆகும். இது மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் ஓடும் ஒரு டன் எடையுள்ள மகிழுந்தின் இயக்க ஆற்றலுக்கும், சுமார் 60 கிராம் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றலுக்கும் ஈடானது. அதே தொட்டியில் அதே அழுத்தத்தில் நீர் நிரப்பப்பட்டிருந்தால், நீரின் சுருக்கத்தால் சேரும் ஆற்றல் 50 சூலுக்கும் குறைவே. ஒரு கிலோகிராம் எடையுள்ள கல் நாலரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது அது.

அழுத்தக் கலன்களின் வலிமையைச் சோதிப்பவர்கள் அவற்றில் காற்றை அல்லாது நீரை நிரப்பி அழுத்தம் ஏற்றுவது இதனால்தான். சோதனையின்போது கலன் பிளந்தால் நீர் கசியும். அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்றை நிரப்பிச் சோதித்தால் கலனின் துண்டுகள் சுவரைத் துளைத்துச் செல்லும். பழுது பார்த்த தொட்டியைக் "கசிவு பார்ப்பதற்காக" முழு அழுத்தத்திற்குக் காற்றேற்றிச் சவர்க்கார நுரையைத் தடவும் பழக்கம் சில பட்டறைகளில் உள்ளது. கசிவு பார்க்கக் குறைந்த அழுத்தமே போதும். வலிமை பார்ப்பது வேறு வேலை. அது நீரைக் கொண்டே செய்யப்பட வேண்டும்.

அழுத்தம் செயற்படும் பரப்பையும் கருத வேண்டும். 7 பார் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் வண்ணம் தெளிக்கும் கலன் ஒன்றின் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மீது அது சுமார் 5 டன் விசையைச் செலுத்துகிறது. உள்ளே அழுத்தம் இருக்கும்போதே மூடியின் திருகுகளைத் தளர்த்துபவர் மீது அந்த விசை பாயும்.

காற்றமுக்கி

கம்ப்ரசர் எனப் பரவலாக வழங்கும் காற்றமுக்கி, கொல்லரின் துருத்தி செய்த வேலையைப் பெரிய அளவில் செய்வது. ஆல்ப்சு மலையில் 1857 முதல் 1871 வரை குடையப்பட்ட மோன் செனி சுரங்கத்தில் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பான்கள் பயன்படுத்தப்பட்ட பின்னர், இத்தொழில்நுட்பம் சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் விரைந்து பரவியது. இன்று சிறு பட்டறைகளில் உள்ளவை பெரும்பாலும் மின்னோடியால் இயங்கும் உந்துருளை வகைக் காற்றமுக்கிகளே. இவை காற்றை உறிஞ்சி 7 முதல் 10 பார் வரை அழுத்தித் தொட்டியில் சேர்க்கின்றன.

தொட்டியின் பெரும் பகை நீராகும். 30 பாகை செல்சியசு வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி உள்ளது. தமிழ்நாட்டின் கடற்கரை ஊர்களில் இது இயல்பான நிலையே. இக்காற்று எட்டில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டுத் தொட்டியில் மீண்டும் குளிரும்போது அதனால் 4 கிராம் அளவே நீராவியாக வைத்திருக்க இயலும். எஞ்சிய 20 கிராம் நீராகத் தொட்டியின் அடியில் தேங்கும். மணிக்கு 10 கன மீட்டர் காற்றை உறிஞ்சும் காற்றமுக்கி எட்டு மணி நேரம் ஓடினால் ஒன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட நீர் சேர்ந்துவிடும். அடியிலுள்ள வடிகால் வால்வை நாள்தோறும் திறந்து இதனை வெளியேற்றாவிட்டால் தொட்டி உட்புறமிருந்து துருப்பிடிக்கும். வெளியே புதிய வண்ணப்பூச்சுடன் காணப்படும் தொட்டியின் அடித்தகடு உள்ளே பாதியாகத் தேய்ந்திருக்கக் கூடும். தொட்டிகள் வெடிக்கும் நேர்வுகளில் அடிப்பகுதித் துரு அடிக்கடி காணப்படும் காரணமாகும்.

அடியில் ஊசித்துளை போன்ற கசிவு தோன்றினால் அது தொட்டியின் ஆயுள் முடிந்ததற்கான அறிகுறி. ஒரு துளை விழும் அளவிற்குத் தகடு தேய்ந்திருந்தால் சுற்றுப்புறமும் தேய்ந்தே இருக்கும். அத்துளையின் மீது தகட்டை வைத்துப் பற்றவைப்பது, வலுவிழந்த தகட்டை மேலும் வெப்பத்தால் வலுவிழக்கச் செய்வதாகும்.

தொட்டியில் மூன்று உறுப்புகள் எப்போதும் இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும். அழுத்தமானி உள்ளிருக்கும் அழுத்தத்தைக் காட்டுகிறது. அழுத்த நிலைமாற்றி குறித்த அழுத்தத்தில் மின்னோடியை நிறுத்துகிறது. அது பழுதடைந்து மின்னோடி நிற்காமல் ஓடினால், பாதுகாப்பு வால்வு தானே திறந்து மிகைக் காற்றை வெளியேற்றுகிறது. பாதுகாப்பு வால்வு "காற்றை வீணாக்குகிறது" என்று அதனை இறுக்கி விடுவதும், கழற்றிவிட்டு அவ்விடத்தில் திருகாணியை முடுக்குவதும் தொட்டியை வெடிகுண்டாக்கும் செயல்களாகும். வால்வின் வளையத்தை அவ்வப்போது இழுத்து அது திறந்து மூடுகிறதா எனப் பார்க்க வேண்டும்.

காற்றமுக்கியின் மசகெண்ணெய் வெப்பத்தால் கருகி வெளியேற்றுக் குழாயில் கரியாகப் படிகிறது. காற்று அழுத்தப்படும்போது சூடேறும் என்பதால், தடித்த கரிப்படிவு அக்குழாயினுள்ளேயே தீப்பற்ற இயலும். டீசல் எந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைப்பதும் இதே வெப்பமே. உற்பத்தியாளர் குறித்த எண்ணெயையே இடுவதும், காற்று வடிகட்டியைத் தூய்மையாக வைப்பதும் இதற்கான தடுப்பு.

காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களில், வீட்டுக் குடிநீருக்குப் பயன்படும் பி.வி.சி. குழாய்கள் ஏற்றவை அல்ல. விலை குறைவு, ஒட்டுவது எளிது என்பதால் அவற்றைப் பொருத்துகின்றனர். நீர்க்குழாயாக இருக்கும்போது விரிசலிட்டுக் கசியும் அதே பி.வி.சி., காற்றுக்குழாயாக இருக்கும்போது கூரிய சில்லுகளாகச் சிதறும். வெயிலும் எண்ணெயும் அதனை மேலும் நொறுங்கச் செய்கின்றன.

ஓஸ் எனப்படும் நெகிழ்குழாய் இணைப்பிலிருந்து கழன்றால் சாட்டை போலச் சுழன்றடிக்கும். அதன் முனையிலுள்ள பித்தளை இணைப்பி கண்ணையும் பல்லையும் போக்கிவிடும். சுழலும் குழாயைப் பிடிக்க முயலாமல் வால்வை மூடுவதே முறை. பெரிய குழாய்களின் இணைப்புகளில் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் கம்பிவடம் மாட்டப்படுகிறது.

உடலின் மீது அழுத்தக் காற்று

வேலை முடிந்ததும் உடையிலும் தலையிலும் படிந்த தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொள்ளும் வழக்கம் ஏறத்தாழ எல்லாத் தொழிலகங்களிலும் உண்டு. அழுத்தக் காற்றின் இடர்களுள் மிகக் குறைவாக அறியப்பட்டதும் இதுவே. காற்றுத் தாரை உலோகத் துகள்களைக் கண்ணில் செலுத்தும். காதருகே பட்டால் செவிப்பறையைக் கிழிக்கும். தோலில் சிறு வெட்டோ கீறலோ இருந்தால் காற்று தோலுக்கடியில் புகுந்து வீக்கத்தை உண்டாக்கும். குருதிக்குழாயில் புகுந்த காற்றுக்குமிழ் மூளையையோ இதயத்தையோ அடைந்தால் இறப்பு நேரலாம். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு விதிகள், தூய்மை செய்யப் பயன்படும் அழுத்தக் காற்று சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் எனவும், அப்போதும் துகள் தடுப்பும் கண்ணாடியும் தேவை எனவும் வரையறுக்கின்றன. அவ்விதி பொருள்களைத் தூய்மை செய்வதற்கானது. உடலை ஊதிக்கொள்வதற்கு எந்த அழுத்தமும் பாதுகாப்பானது அல்ல.

மிகக் கொடியது விளையாட்டாகச் செய்யப்படும் ஒரு செயலாகும். உடன் வேலை செய்பவரின் பின்புறத்தில் காற்றுக் குழாயை வைத்துத் திறந்துவிடுவதால் குடல் கிழிந்து இறப்பவர்கள் இன்றும் உள்ளனர். இத்தகைய காயம் குறித்த மருத்துவப் பதிவுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே கிடைக்கின்றன. இந்தியாவில் இத்தகைய இறப்புகள் பலமுறை செய்திகளில் வந்துள்ளன. மனிதப் பெருங்குடலின் சுவர் சதுர அங்குலத்திற்குச் சுமார் 4 பவுண்டு அழுத்தத்திலேயே கிழியக்கூடியது. பட்டறைக் காற்றின் அழுத்தம் அதனினும் 25 மடங்கு மிகுதி. குழாய் உடலுக்குள் செருகப்பட வேண்டும் என்பதில்லை. உடையின் மீது, சிறிது தொலைவில் வைத்துத் திறந்தாலும் காற்று உட்புகும். ஓரிரு நொடிகள் போதுமானவை. வயிறு உப்பி வலி எடுத்தவர், கேலிக்கு அஞ்சியோ உடன்பணியாளரைக் காட்டிக்கொடுக்க விரும்பாமலோ நடந்ததை மறைக்கக் கூடும். குடல் கிழிந்தவருக்கு அறுவை மருத்துவம் தாழ்ந்தால் உயிர் பிழைப்பது அரிதாகும் என்பதால், நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவது இன்றியமையாதது.

டயருக்குக் காற்றேற்றல்

சரக்குந்து டயர்களின் அழுத்தம் பொதுவாகச் சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டுக்கு மேற்பட்டது. பழைய வகைச் சரக்குந்துச் சக்கரங்களில் டயரைப் பிடித்து வைப்பது லாக் ரிங் எனப்படும் தனி வளையமாகும். இவ்வளையம் வளைந்திருந்தாலோ, துருவேறியிருந்தாலோ, தன் பள்ளத்தில் சரியாக அமராதிருந்தாலோ, காற்றேறும்போது தெறித்து வெளிப்படும். பல டன் விசையோடு தெறிக்கும் அவ்வளையத்தின் எதிரே குனிந்து நிற்பவர் பிழைப்பதில்லை. பஞ்சர் கடைப் பணியாளர்களின் இறப்புகளில் இது நன்கு அறியப்பட்ட வகை. வளையம் அமரவில்லை என்று காற்றேற்றிக்கொண்டே சுத்தியலால் தட்டுவது வழக்கமாகக் காணப்படுவதால், இறப்பும் அந்நேரத்திலேயே நேர்கிறது.

இதனைத் தவிர்க்கச் சக்கரத்தை இரும்புக் கூண்டினுள் வைத்துக் காற்றேற்ற வேண்டும். கூண்டு இல்லாத இடத்தில் சங்கிலியால் சுற்றிக் கட்டுதல் ஓரளவே பயன் தரும். வால்வில் தானாகப் பற்றிக்கொள்ளும் இணைப்பியும் நீண்ட குழாயும் இருந்தால் பணியாளர் சக்கரத்திற்கு எதிரே நிற்கத் தேவையில்லை. பக்கவாட்டில் தள்ளி நின்று அழுத்தத்தைப் பார்க்கலாம். சக்கரத்தைக் கழற்றும் முன் வால்வின் உள்ளூசியை எடுத்துக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். இரட்டைச் சக்கரமாயின் இரண்டிலும் வெளியேற்ற வேண்டும்.

இருக்க வேண்டிய அழுத்தத்தில் 80 விழுக்காட்டிற்கும் குறைவான காற்றுடன் ஓடிய டயரின் உட்கம்பிகள் வளைந்து நைந்திருக்கலாம். அத்தகைய டயரைக் கழற்றிப் பார்க்காமல் வண்டியில் இருக்கும்போதே காற்றேற்றுவது இடர் மிக்கது. டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தில் பற்றவைப்பு வேலை செய்வதும் அவ்வாறே. வெப்பத்தால் டயரின் உட்புற ரப்பர் சிதைந்து எரிவளிமங்களை வெளியிடுகிறது. அவை உள்ளேயே தீப்பற்றி வெடிக்கின்றன. காற்றை இறக்கிவிட்டால் போதும் என்பது தவறு. டயரையே கழற்ற வேண்டும்.

வளிம உருளைகள்

1880களில் மானெசுமான் உடன்பிறப்புகள் செருமனியில் உருவாக்கிய பற்றுவாயற்ற எஃகுக் குழாய்களும், 1895 இல் கார்ல் வான் லிண்டே நிறைவேற்றிய காற்றை நீர்மமாக்கும் முறையும், வளிமங்களை உருளையில் அடைத்து விற்கும் தொழிலுக்கு வழி அமைத்தன. சிலிண்டர் எனப்படும் இவ்வுருளைகளில் வளிமம் மூன்று வகையாக அடைபட்டிருக்கும். ஆக்சிசன், நைட்ரசன், ஆர்கான், ஐதரசன் ஆகியவை வளிமமாகவே அழுத்தப்பட்டுள்ளன. சமையல் எரிவளிமமும் கார்பன் டை ஆக்சைடும் அழுத்தத்தால் நீர்மமாகியுள்ளன. அசெட்டிலீன் ஒரு நீர்மத்தில் கரைந்துள்ளது.

இவ்வேறுபாடு நடைமுறையில் முதன்மையானது. முதல் வகையில் அழுத்தமானியே இருப்பைக் காட்டும். அழுத்தம் பாதியானால் வளிமமும் பாதி. இரண்டாம் வகையில் கடைசித் துளி நீர்மம் இருக்கும் வரை அழுத்தம் மாறாது. ஆகவே எடையிட்டே இருப்பை அறிய முடியும்.

இந்தியாவில் வழங்கும் பெரிய ஆக்சிசன் உருளை சுமார் 46.7 லிட்டர் நீர்க் கொள்ளளவு உடையது. அதில் ஏறத்தாழ 150 பார் அழுத்தத்தில் 7 கன மீட்டர் ஆக்சிசன் அடைக்கப்படுகிறது. முன்னர்க் கூறிய 200 லிட்டர் தொட்டியைப் போல ஐந்து மடங்கு ஆற்றல் இதில் உள்ளது. உருளை சாய்ந்து விழுந்து கழுத்திலுள்ள வால்வு முறிந்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் அளவேயுள்ள துளையின் வழியாகப் பாயும் வளிமம் 150 கிலோகிராமுக்கு மேற்பட்ட உந்து விசையைத் தரும். 50 முதல் 65 கிலோகிராம் எடையுள்ள உருளையை ஏவுகணையாக்க இது போதுமானது. உருளைகளை எப்போதும் சுவரோடு சங்கிலியிட்டு நிறுத்துவதும், பயன்பாட்டில் இல்லாதபோது வால்வின் மீது மூடியைத் திருகுவதும், தரையில் உருட்டியும் இருசக்கர வண்டியில் கிடத்தியும் கொண்டுசெல்லாமல் அதற்கான தள்ளுவண்டியைப் பயன்படுத்துவதும் இதன்பொருட்டே.

வெயிலில் கிடக்கும் உருளையின் அழுத்தம் உயரும். 15 பாகை செல்சியசு வெப்பத்தில் 150 பார் இருந்த ஆக்சிசன் 55 பாகையில் சுமார் 170 பார் ஆகும். உருளை இதனைத் தாங்கும். ஆனால் கார்பன் டை ஆக்சைடின் நிலை வேறு. 31 பாகை செல்சியசுக்கு மேல் அது நீர்மமாக இருக்க இயலாது. தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் இதனைத் தாண்டும். அளவுக்கு மீறி நிரப்பப்பட்ட உருளையில் அப்போது அழுத்தம் செங்குத்தாக ஏறும். எனவே இவ்வகை உருளைகள் எடையிட்டு, உள்ளே வெற்றிடம் விட்டே நிரப்பப்படுகின்றன.

உருளையின் நிறத்தைக் கொண்டு வளிமத்தை அறியலாம் என்பது ஒரு நாட்டிற்குள் மட்டும் ஓரளவு உண்மை. இந்தியாவில் மருத்துவ ஆக்சிசன் உருளை கருநிற உடலும் வெண்ணிறத் தோளும் உடையது. அமெரிக்காவில் அது பச்சை. ஐரோப்பாவில் கருநிறத் தோள் நைட்ரசனைக் குறிக்கும். கடல் கடந்து வரும் கருவிகளும் கப்பல்களும் உள்ள இடங்களில் நிறத்தை நம்பாமல் பெயர்ப்பட்டையைப் படிக்க வேண்டும். கைதவறுதலைத் தடுக்க இணைப்புகளே வேறுபடுத்தி அமைக்கப்பட்டுள்ளன. எரிவளிமங்களுக்கு இடப்புரி மரையும், ஏனையவற்றுக்கு வலப்புரி மரையும் உள்ளன. சிறிய மருத்துவ உருளைகளில் ஊசிகளின் இடம் வளிமத்திற்கேற்ப மாறும். இணைப்பு பொருந்தவில்லை என்றால் அது எச்சரிக்கை. இடைப்பட்ட இணைப்பி ஒன்றைக் கடைந்து பொருத்துவது அந்த எச்சரிக்கையை அழிப்பதாகும்.

ஆக்சிசன்

உயிர்வளி எனவும் அழைக்கப்படும் ஆக்சிசன் தான் எரிவதில்லை. பிறவற்றை எரியத் தூண்டுகிறது. உயர் அழுத்த ஆக்சிசன் எண்ணெயையும் மசகையும் தொட்டால் பொறி ஏதுமின்றியே தீப்பற்றலாம். ஆகவே ஆக்சிசன் வால்விலும் ரெகுலேட்டர் எனப்படும் அழுத்தச் சீராக்கியிலும் எண்ணெய் படக்கூடாது. இறுகிய வால்வைத் தளர்த்த எண்ணெய் விடுவது பிற எந்திரங்களில் நல்ல பழக்கம். இங்கே உயிரைப் பறிப்பது. வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டெனத் திறந்தால் சீராக்கியில் உள்ள வளிமம் நொடியில் அழுத்தப்பட்டுச் சூடேறி, உள்ளிருக்கும் ரப்பர் அடைப்பைப் பற்றவைக்கும். திறக்கும்போது சீராக்கியின் முகப்புக்கு எதிரே நிற்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

ஆக்சிசனைக் காற்றுக்குப் பதிலாகப் பயன்படுத்துவது தனிப்பெரும் பிழை. உடையை ஊதவோ, மூடிய தொட்டிக்குள் வேலை செய்பவருக்கு "நல்ல காற்று" தரவோ ஆக்சிசனைத் திறந்துவிட்டு எரிந்து இறந்தவர்கள் உண்டு. ஆக்சிசன் ஊறிய பருத்தித் துணி ஒரு பொறியில் உடல் முழுவதும் பற்றும். 1967 சனவரி 27 அன்று அப்பல்லோ 1 விண்கலத்தின் தரைச் சோதனையில் மூன்று விண்வெளி வீரர்கள் இறந்ததற்கு, கலத்தினுள் தூய ஆக்சிசன் வளிமண்டல அழுத்தத்தை விடச் சற்று மிகுதியாக நிரப்பப்பட்டிருந்தது முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

அசெட்டிலீன்

அசெட்டிலீன் தன்னளவிலேயே நிலையற்றது. சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டுக்கு மேல் தனித்து அழுத்தினால் ஆக்சிசன் இல்லாமலேயே சிதைந்து வெடிக்கக்கூடும். அதனால் உருளையில் நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் அசெட்டோன் நீர்மத்தை ஊறவைத்து, அந்நீர்மத்தில் அசெட்டிலீன் கரைக்கப்படுகிறது. இந்த நுண்துளைப் பொருளை மேம்படுத்தியவர்களுள் ஒருவர் சுவீடனைச் சேர்ந்த குசுத்தாவ் டாலேன். கலங்கரை விளக்கங்களுக்கான தானியங்கி வளிமச் சீராக்கிகளுக்காக 1912 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அசெட்டிலீன் கலன்களைச் சோதிக்கும்போது நேர்ந்த வெடிப்பில் அவர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். பரிசைப் பெற அவருடைய உடன்பிறந்தார் சென்றார். டாலேன் 1937 இல் இறக்கும் வரை பார்வையின்றியே தம் நிறுவனத்தை நடத்தினார்.

இவ்வமைப்பினால் அசெட்டிலீன் உருளையை நிமிர்த்தியே பயன்படுத்த வேண்டும். கிடத்திய உருளையிலிருந்து அசெட்டோன் வெளியேறிவிடும். பின்னர் அசெட்டிலீன் கரைசலாக இராது. மணிக்கு உள்ளடக்கத்தின் ஏழில் ஒரு பங்கிற்கு மேல் எடுக்கலாகாது என்பது பொதுவான அளவு. செப்புக் குழாயோடு சேர்ந்தால் வெடிக்கும் சேர்மம் உருவாகும் என்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும். தீயில் சூடான அசெட்டிலீன் உருளை, தீ அணைந்த பின்னும் உள்ளே சிதைந்துகொண்டே இருந்து பல மணி நேரம் கழித்து வெடிக்கலாம். அதனை நகர்த்தாமல் தொலைவிலிருந்து நீரடித்துக் குளிர்விப்பது தீயணைப்புத் துறையின் வேலை.

மூச்சடைப்பு

நைட்ரசன், ஆர்கான் போன்ற மந்த வளிமங்கள் எரிவதும் இல்லை, நஞ்சும் இல்லை. அவை காற்றிலுள்ள 21 விழுக்காடு ஆக்சிசனை இடம்பெயர்ப்பதால் கொல்கின்றன. மூச்சுத் திணறல் என்னும் உணர்வை உடல் பெறுவது கார்பன் டை ஆக்சைடு மிகுவதால். ஆக்சிசன் குறைவதால் அன்று. தூய நைட்ரசனில் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிவிடுவதால், அதனுள் நுழைந்தவர் எந்த எச்சரிக்கையும் இன்றி இரண்டு மூன்று மூச்சில் நினைவிழப்பார். காப்பாற்றச் சென்றவரும் அவர் மீதே விழுவார். அமெரிக்காவில் 1992 முதல் 2002 வரை பணியிடங்களில் நைட்ரசனால் 80 பேர் மூச்சடைத்து இறந்ததாக அந்நாட்டின் வேதிப் பாதுகாப்பு வாரியம் கணக்கிட்டது. 1981 மார்ச்சு 19 அன்று கொலம்பியா விண்ணோடத்தின் பின்புற அறை நைட்ரசனால் நிறைந்திருந்ததை அறியாமல் நுழைந்த தொழில்நுட்பப் பணியாளர்களுள் இருவர் அவ்விபத்தால் இறந்தனர். மூடிய அறை, தொட்டி, குழி ஆகியவற்றில் நுழையும் முன் ஆக்சிசன் அளவைக் கருவி கொண்டு பார்க்க வேண்டும். 19.5 விழுக்காட்டிற்குக் குறைந்தால் நுழையலாகாது. கார்பன் டை ஆக்சைடும் சமையல் எரிவளிமமும் காற்றை விடக் கனமானவை. அவை தரைக்கீழ் அறைகளிலும் குழிகளிலும் தேங்கும்.

சோதனையும் சட்டமும்

இந்தியாவில் வளிம உருளைகள் 1884 ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. 1940, 1981, 2004 ஆகிய ஆண்டுகளின் விதிகளைத் தொடர்ந்து 2016 ஆம் ஆண்டின் வளிம உருளை விதிகள் நடைமுறைக்கு வந்தன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றைச் செயற்படுத்துகிறது. ஆக்சிசன் போன்றவற்றின் உருளைகள் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுகின்றன. சோதனை நாள் உருளையின் தோளில் பொறிக்கப்படும். வீட்டுச் சமையல் எரிவளிம உருளையின் மேற்பட்டையில் உள்ள ஏ, பி, சி, டி என்னும் ஆங்கில எழுத்துகளில் ஒன்று ஆண்டின் நான்கு காலாண்டுகளுள் ஒன்றையும், அடுத்துள்ள எண் ஆண்டையும் குறிக்கும். அந்நாள் கடந்த உருளையைப் பெற மறுக்கலாம்.

காற்றுத் தொட்டிகளின் நிலை இவ்வளவு ஒழுங்கானது அன்று. பெரிய தொழிற்சாலைகளில் அவை குறித்த காலத்தில் சோதிக்கப்படுகின்றன. மூன்று நான்கு பேர் வேலை செய்யும் பஞ்சர் கடையோ இருசக்கர வண்டிப் பட்டறையோ தொழிற்சாலை என்னும் வரையறைக்குள் வருவதில்லை. அங்கே தொட்டி வாங்கிய நாள் முதல் உடையும் நாள் வரை ஒருமுறையும் சோதிக்கப்படாமல் இருப்பதே பெரும்பான்மை. கழித்துக் கட்டப்பட்ட வளிம உருளைகள் மீண்டும் புழக்கத்திற்கு வராதபடி நசுக்கப்பட வேண்டும் அல்லது துண்டுகளாக வெட்டப்பட வேண்டும் என விதி கூறுகிறது. அவ்வாறு செய்யப்படாமல் பழைய இரும்புக் கடைக்கு வரும் உருளைகள், வால்வும் அழுத்தமானியும் பற்றவைக்கப்பட்டுக் காற்றுத் தொட்டிகளாக விற்கப்படுவதும் உண்டு.